நம்பர்காரரின் சளி டப்பா

எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு நாளைக்கு முப்பது சளி டப்பாக்களாவது வரும். எல்லாவற்றிலும் எண் எழுதுவது நான்தான். என் கையெழுத்து அவசரத்தில் எழுதிய மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும். ஒரே ஒரு டப்பாவை மட்டும் வாசலில் வரும்போதே அடையாளம் சொல்லிவிடலாம். அதில் எண்கள் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், இஸ்திரி போட்டாற்போல் நிற்கும்.

அந்த டப்பாவுக்குச் சொந்தக்காரர் வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுகிறவர். முதல் முறை வந்தபோது, நான் எண் எழுதிக் கொடுத்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். இந்த ஏழு, ஒண்ணு மாதிரி இருக்கு. ரோட்டுல இப்படிப் போனா நிறுத்திடுவாங்க. அந்த மார்க்கரைக் கொஞ்சம் குடுங்க."

கொடுத்தேன். அன்றிலிருந்து அவர் டப்பாவுக்கு எண் எழுதுவது அவர் வேலையாயிற்று. எங்கள் பேச்சில் அவர் நம்பர்காரர் ஆனார்.

நம்பர்காரருக்கும் அவர் மனைவிக்கும் எச்.ஐ.வி. உண்டு. கண்டுபிடித்து ஐந்து வருடம் ஆகிறது. எங்கள் கட்டடத்திலேயே முன்பக்கம் இருக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாதாமாதம் மாத்திரை வாங்குகிறார்கள். மனைவி ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. நம்பர்காரர் நடுவில் வேலைக்காக வெளியூர் போய், எட்டு மாதம் மாத்திரையை விட்டுவிட்டு, இருமலோடும் எலும்பும் தோலுமாகவும் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு மனைவி தன் போனில் ஒரு அலாரம் வைத்தார். அலாரம் அடித்தால் இருவரும் ஒரே நேரத்தில், ஒரே டம்ளர் தண்ணீரில், ஆளுக்கொரு மாத்திரை போட வேண்டும். மையத்தில் அவர்கள் இருவருடைய ஃபைலையும் சேர்த்து ஒரே ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்கள். தேடுவதற்கு வசதி.

அந்த இருமல் டி.பி. என்று, சளியில் கிருமி தேடும் என்னுடைய மெஷின்தான் சொன்னது. மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்கள் உடம்பு ரொம்பவும் நலிந்திருக்கும்போது டி.பி. வந்தால் சளியில் கிருமி அதிகம் வராது. ஸ்லைடைக் கண் வலிக்கப் பார்த்தாலும் அகப்படாது. மெஷின் மட்டும், "கிருமி உண்டு, மிகக் குறைவு, வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படும்" என்று காகிதம் தள்ளியது. ஆறு மாத மாத்திரையைத் தொடங்கினார்கள்.

இரண்டு மாதம் ஆனதும் மறுபடி சளி பார்க்க வேண்டும். குழப்பம் தொடங்கியது அங்கேதான்.

முதல் நாள் அவர் கொண்டுவந்த டப்பாவில் எச்சில்தான் இருந்தது. நான் பதிவேட்டில் "எச்சில், இலேசான ஆரஞ்சு" என்று எழுதி, டப்பாவைத் திருப்பி அனுப்பினேன். நிறம் எழுத வேண்டும் என்று விதி இல்லை. நான் எழுதுவேன். ஏன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. கண்ணில் பட்டதை எழுதாமல் விட்டால் ஏதோ கடன் வைத்த மாதிரி இருக்கும். ஆரஞ்சு நிறத்துக்குக் காரணம் மாத்திரை. டி.பி. மாத்திரைகளில் ஒன்று சிறுநீர், கண்ணீர், எச்சில் எல்லாவற்றையும் அந்த நிறமாக்கிவிடும்.

இரண்டாம் நாளும் எச்சில். அதையும் திருப்பினேன். மூன்றாம் நாளும் அதே கதை. அன்றைக்கு எனக்கு முன்னால் வரிசை வாசல் வரை நின்றிருந்தது. வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது.

"இது துப்பல். எனக்கு வேண்டியது சளி. நெஞ்சுலேருந்து வரணும். கெட்டியா இருந்தாக் கொண்டு வாங்க, இல்லேன்னா வராதீங்க."

"நல்லாத்தான் இருமிப் பாக்கிறேன் மேடம். வரமாட்டேங்குது."

"மத்தவங்களுக்கெல்லாம் வருதே."

அவர் புது டப்பாவை வாங்கி, நின்ற இடத்திலேயே எண் எழுதிக்கொண்டு போனார்.

நான்காம் நாள் வந்த டப்பாவைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். பாதி வரை சளி. கெட்டி, மஞ்சள். "இதைத்தானே கேட்டேன்" என்றேன். அவரும் தலையாட்டினார். ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால், பார்த்த இடமெல்லாம் சிவப்புக் குச்சிகளாகக் கிருமி. மூன்று பிளஸ், அதற்கு மேல் கணக்கு கிடையாது. இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டவருக்கு இப்படி வந்தால் அடுத்து மெஷினில் போட வேண்டும் என்பது விதி. போட்டேன். "கிருமி உண்டு, மிக அதிகம், முக்கிய மருந்துக்குக் கட்டுப்படாது" என்று வந்தது.

மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி. என்பது வேறு வழக்கு. வேறு மாத்திரைகள், கடுமையானவை. இதயத்தை வரைபடம் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டும், ரத்தம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கூடவே எச்.ஐ.வி. இருந்தால் நாள் கடத்தக் கூடாது. ஆளைச் சீக்கிரம் கொண்டுபோய்விடும். மாடியில் இருக்கும் டி.பி. டாக்டரம்மா இன்னொரு டப்பா வாங்கச் சொன்னார். வியாழக்கிழமை அதுவும் வந்தது. அதே கெட்டி, அதே மஞ்சள், அதே முடிவு.

டாக்டரம்மா அவரை முன்னால் உட்கார வைத்துக் கேட்டபோது நானும் காகிதத்தோடு அங்கே நின்றேன்.

"உண்மையைச் சொல்லுங்க. மாத்திரையை எத்தனை நாள் விட்டீங்க?"

"ஒரு நாளும் விடலை டாக்டரம்மா."

"விடாமப் போட்டா இப்படி ஆகாதே."

"எங்க பாத்ரூமை வந்து பாருங்க. ஆரஞ்சு ஜூஸ் கொட்டின மாதிரி இருக்கும். முந்தி ஒருவாட்டி விட்டேன், பட்டேன். அதுக்கப்புறம் அந்த அலாரத்துக்கு நான் பயந்த மாதிரி எந்த மேஸ்திரிக்கும் பயந்ததில்லை."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "திங்கட்கிழமை அட்மிட் ஆகிடுங்க. மருந்தை மாத்தறோம்" என்றார்.

அவர் எழுந்தார். கதவருகே எடை பார்க்கும் மெஷின் இருந்தது. வந்த நாள் முதலான பழக்கத்தில் அதில் ஏறினார். முள் நின்ற இடத்தை நான் பார்த்தேன். மருந்து தொடங்கிய நாளில் சீட்டில் எழுதியிருந்ததைவிட ஐந்து கிலோ அதிகம்.

என் மூளையில் உறுத்தியது அதுதான். ஒரு ஆள் எலும்பாக இருந்தபோது கிருமி மிகக் குறைவு. அதே ஆள் தேறி, காய்ச்சல் விட்டு, மாடி ஏறி மூச்சு வாங்காமல் வந்து நிற்கும்போது கிருமி மிக அதிகம். டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"எச்.ஐ.வி. மாத்திரை வேலை செய்யுதுல்ல, அதுல எடை ஏறியிருக்கலாம். கிருமி தனியா வளர்ந்திருக்கலாம். ரெண்டு காகிதம் ஒரே மாதிரி சொல்லுது. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

கூடத்துக்குத் திரும்பி வந்து முதலில் என்னையே சந்தேகப்பட்டேன். டப்பா மாறியிருக்குமோ? மாற வழியில்லை, அந்த எண்ணை அவரைத் தவிர இந்த ஊரில் யாராலும் எழுத முடியாது. வேறு யாருடைய சளியாவது என் மேஜையில் கலந்திருக்குமோ? அந்த இரண்டு நாளும் மெஷினில் பக்கத்தில் ஓடியவற்றைப் பார்த்தேன். எல்லாம் "கிருமி இல்லை". அந்த வாரம் முழுக்க மருந்துக்குக் கட்டுப்படாத டப்பா வேறு ஒன்றுகூட வரவில்லை. கலப்பதற்கு எங்கே போவது?

பிறகு பதிவேட்டைப் புரட்டினேன். இந்த முறை நம்பர்காரரின் வரிகள் ஐந்து. எச்சில், ஆரஞ்சு. எச்சில், ஆரஞ்சு. எச்சில், ஆரஞ்சு. சளி, மஞ்சள். சளி, மஞ்சள்.

கடைசி இரண்டில் ஆரஞ்சு எங்கே போயிற்று?

அதை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. காலையில் மாத்திரை போடுவதற்கு முன்னால் எடுத்த சளியில் நிறம் குறைவாக இருக்கலாம். சளிக்கும் எச்சிலுக்கும் நிறம் ஏறுவது வித்தியாசப்படலாம். ஆனாலும் பேனாவைக் கீழே வைக்க மனம் வரவில்லை. திங்கட்கிழமைக்கு நடுவில் மூன்று நாள் இருந்தது. டாக்டரம்மாவிடம் போய், இன்னும் ஒரே ஒரு டப்பா, ஆனால் இந்த முறை வீட்டிலிருந்து வேண்டாம், என் கண் முன்னால் வேண்டும் என்றேன்.

"அவருக்குத்தான் வரமாட்டேங்குதுன்னு நீங்களே சொன்னீங்களே?"

"உப்புத்தண்ணி ஆவி குடுத்தா வரும்."

"உங்களுக்கு ஒண்ணு பிடிச்சா விடமாட்டீங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை கட்டடத்துக்குப் பின்னால், நாங்கள் இருமும் இடம் என்று சொல்லும் திறந்த கூரைக்குக் கீழே, நம்பர்காரரை உட்கார வைத்தேன். உப்புநீரை ஆவியாக்கும் மெஷின் உறுமியது. அவர் குழாயை வாயில் வைத்து இழுத்தார். நான் காற்று வரும் பக்கமாக, மாஸ்க்கோடு தள்ளி நின்றேன்.

"கடல்ல விழுந்த மாதிரி இருக்கு" என்றார் குழாயை எடுத்துவிட்டு.

"பேசாம இழுங்க."

கால் மணி நேரம் கழித்து இருமல் வந்தது. ஒரு ஸ்பூன் அளவு சளி. தண்ணீராக, நடுவில் சின்னச் சின்னத் திரிகளாக. டப்பாவை வெளிச்சத்தில் பிடித்தேன். வெளிறிய ஆரஞ்சு.

ஸ்லைடில் ஒன்றும் இல்லை. மெஷின் இரண்டு மணி நேரம் கழித்துச் சொன்னது: "கிருமி இல்லை".

மூன்று காகிதங்களையும் மேஜைமேல் வரிசையாக வைத்தேன். மிக அதிகம், மிக அதிகம், இல்லை. மூன்றிலும் ஒரே எண். ஒரே ஆளின் நெஞ்சில் வியாழக்கிழமை திருவிழாக் கூட்டமாக இருந்த கிருமி வெள்ளிக்கிழமை ஒன்றுகூட இல்லாமல் எங்கே போகும்? மறுநாள் காலை வேலைக்குப் போகுமுன் வந்து என்னைப் பார்க்கும்படி அவருக்குப் போன் செய்தேன்.

சனிக்கிழமை அவர் வந்தபோது அதே திறந்த கூரைக்குக் கீழே எதிரெதிரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் பதிவேட்டை மடியில் வைத்திருந்தேன்.

"வியாழக்கிழமை காலையில எழுந்ததுலேருந்து சொல்லுங்க. ஒண்ணையும் விடாம, வரிசையா."

"எதுக்கு மேடம்? ஏதோ திருட்டு கேஸ் மாதிரி கேக்குறீங்க."

"சும்மா சொல்லுங்க. எனக்கு எழுதணும்."

"எழுந்தேன். நீங்க சொன்ன மாதிரி வாயை வெறும் தண்ணியில கொப்புளிச்சேன். டப்பாவை எடுத்துட்டு வெளியில போய் நின்னேன். மூச்சை நல்லா இழுத்து, பிடிச்சு, இருமினேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. ஒண்ணும் வரலை. உள்ள வந்துட்டேன். அலாரம் அடிச்சுது, ரெண்டு பேரும் மாத்திரை போட்டோம். மூடியை அவ இறுக்கிக் குடுத்தா. நான் மூடினா ஒழுகுதுன்னு நீங்க ஒருநாள் சொன்னீங்கல்ல, அதுலேருந்து அவதான் இறுக்குவா. எடுத்துட்டு வந்துட்டேன்."

நான் எழுதுவதை நிறுத்தினேன்.

"ஒண்ணும் வரலைன்னீங்க."

அவர் என் மடியிலிருந்த பதிவேட்டைப் பார்த்தார்.

"டப்பால பாதி இருந்துச்சு. நீங்கதான் கொண்டு வந்தீங்க. நான்தான் வாங்கினேன்."

அவர் செருப்பின் வாரைக் குனிந்து சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"டப்பால இருந்த நம்பர் நான் எழுதினது மேடம். அதுல எந்தக் கோளாறும் இல்லை."

"நம்பர் உங்களோடதுதான். நான் இல்லேன்னு சொல்லலை. வண்டி யாரோடது?"

முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. தொழில்காரரிடம் தொழிலை வைத்துக் கேட்டால் வரும் சிரிப்பு. பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோயிற்று. கண் மட்டும் மாறியது. கணக்கு அவருக்கே விளங்கிவிட்டது. நான் சொல்ல வேண்டி இருக்கவில்லை.

"அவளுக்கு ஆவியில நிக்கிறதால வர்ற இருமல்தான் மேடம்" என்றார் மெதுவாக. அவர் மனைவி ஒரு சலவைக் கடையில் நீராவிப் பெட்டியால் துணி தேய்ப்பவர்.

"போன் போட்டு வரச் சொல்லுங்க."

"இன்னிக்கு லீவு தரமாட்டாங்க…"

"வரச் சொல்லுங்க."

அரை மணி நேரத்தில் வந்தார் அந்த அம்மாள். கையில் சூட்டுக் கொப்புளத்தின் பழைய தழும்புகள். வந்ததும் கணவரைத்தான் பார்த்தார். "என்னங்க, உடம்புக்கு என்ன?" என்று கேட்பதற்குள் ஒருமுறை இருமினார். வாயை முழங்கையில் மறைத்து, பழகிய இருமல். இத்தனை நாள் முன்வாசலில் எத்தனையோ முறை அவரைக் கடந்து போயிருக்கிறேன். அந்த இருமல் என் காதில் விழுந்ததே இல்லை.

நான் அவருக்கு ஒரு மாஸ்க் கொடுத்தேன். மாட்டிக்கொண்டே கேட்டார், "என்னைத் திட்டத்தான் கூப்பிட்டீங்களா? இவரு ஒளறிட்டாரா?"

"திட்டலை. ஏன் அப்படிச் செஞ்சீங்கன்னு தெரிஞ்சுக்கணும்."

"மூணு நாள் திருப்பி அனுப்பிட்டீங்க. 'கெட்டியா இருந்தா வா, இல்லேன்னா வராதே'ன்னு சொன்னீங்களாம். சளி காட்டலைன்னா மாத்திரையை நிறுத்திடுவாங்களோன்னு இவருக்கு ஒரே பயம். இருமி இருமித் தொண்டை கட்டிப்போச்சு. எனக்குத்தான் காலையில தானா வருதே, அதை ஏன் வீணா வாஷ்பேசின்ல துப்பணும்னு நான்தான் டப்பாவைப் பிடுங்கினேன்."

"அடுத்தவங்க சளியைக் குடுக்கலாமா?"

"இவரு எனக்கு அடுத்தவரா?" என்றார். கோபமாக இல்லை, நிஜமாகவே கேட்டார். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நோய். ஒரே மாத்திரை. ஒரே டாக்டர். எங்க ஃபைலைக்கூட ஒண்ணாக் கட்டித்தான் வச்சிருக்கீங்க. ரத்தத்துல இருக்கறது ஒண்ணுன்னா சளியும் ஒண்ணுதானே இருக்கும்னு நெனச்சேன். இவரோடது நல்லபடியா இருந்தா என்னோடதும் நல்லபடியா இருக்கும்னு."

அந்த யோசனையில் எங்கே ஓட்டை என்று காட்டலாம். ஆனால் அந்த ரப்பர் பேண்டைப் போட்டது நாங்கள். 'வராதீங்க' என்று சொன்னது நான்.

"இருமல் எத்தனை நாளா?"

"ஆவிதான்…"

"எத்தனை நாளா?"

"மூணு மாசம் இருக்கும்."

"ராத்திரி வேர்க்குதா? எடை குறைஞ்சிருக்கா?"

"ரவிக்கை லூஸாயிருக்கு. இவரைப் பாத்துக்கிட்டே அலைஞ்சேன்ல, அதுல இளைச்சிருப்பேன்னு விட்டுட்டேன்."

"மையத்துல மாசாமாசம் கேள்வி சார் இதையெல்லாம் கேப்பாரே?"

கேள்வி சார் என்பவர் ஏ.ஆர்.டி. மையத்தின் ஆலோசகர். வருகிற ஒவ்வொருவரிடமும் இருமல், காய்ச்சல், வேர்வை, எடை என்று நான்கு கேள்வி கேட்பது அவர் வேலை.

"கேப்பாரு. 'ரெண்டு பேரும் எப்படி இருக்கீங்க'ன்னு கேப்பாரு. நான் 'இவருக்கு இப்போ தேவலை சார்'ம்பேன். 'நல்லது'ன்னு எழுதிக்குவாரு."

நம்பர்காரர் இப்போது மனைவியைப் பார்த்து, "உனக்கு எப்படி இருக்குன்னு நீ ஏன் சொல்லலை?" என்றார்.

"கேட்டாத்தானே சொல்றது. நீங்க கேட்டீங்களா?"

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

நான் ஒரு புது டப்பாவை எடுத்தேன். பதிவேட்டில் புது வரி போட்டு, அந்த அம்மாளுக்கென்று ஒரு எண் போட்டேன். மார்க்கரை எடுத்து எழுதப் போனபோது நம்பர்காரர் கையை நீட்டினார். கொடுத்தேன். இந்த முறையும் எண்கள் நேராகத்தான் விழுந்தன. அந்த அம்மாள் திறந்த பக்கமாகப் போய் நின்று இருமினார். ஒரே முயற்சிதான். பாதி டப்பா. கெட்டி, மஞ்சள்.

முடிவை நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் எழுதியே ஆக வேண்டும், அதனால் எழுதினேன்: மூன்று பிளஸ், மிக அதிகம், முக்கிய மருந்துக்குக் கட்டுப்படாது.

காகிதத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். டாக்டரம்மா நான்கு காகிதங்களையும் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"திங்கட்கிழமை நான் அவருக்கு மருந்தை மாத்தியிருப்பேன்" என்றார். "அந்த அம்மா துணைக்கு வந்து கட்டில் பக்கத்துல உக்காந்திருப்பாங்க. இருமிக்கிட்டே."

நான் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

"ஏம்மா, ஆரஞ்சு மஞ்சள்னு எழுதணும்னு உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லலை."

"இனிமே எல்லாரும் எழுதட்டும்."

திங்கட்கிழமை மாற்று மருந்து வார்டில் சேர்ந்தது நம்பர்காரர் இல்லை, அவர் மனைவி. அந்த அம்மாளின் எச்.ஐ.வி. கட்டுக்குள் இருந்தது. உடம்பில் எதிர்த்து நிற்கச் சக்தி இருந்தது. அந்தச் சண்டையில் நுரையீரலில் குழி விழுந்ததால்தான் சளியில் அவ்வளவு கிருமி வந்தது, அந்தச் சக்தி இருப்பதாலேயே தேற வாய்ப்பும் அதிகம் என்று டாக்டரம்மா விளக்கினார். ஊசி கிடையாது, மாத்திரைதான், ஆறு மாதம். ஆரஞ்சு நிறமாக்கும் அந்த மாத்திரை இதில் இல்லை. நம்பர்காரர் தன் பழைய மாத்திரையையே முடிக்க வேண்டும். மனைவியிடமிருந்து அவருக்குத் தொற்றாமல் இருக்க, கொஞ்ச நாளைக்கு வீட்டில் தனித்தனி அறை, திறந்த ஜன்னல்.

"எங்க வீட்டுல இருக்கறதே ஒரு அறைதான்" என்றார் அவர். "நான் கடையில படுத்துக்கறேன். பிளேட்டுங்க மேல."

அன்று மாலை அவர் என் ஜன்னலுக்கு வந்து நின்றார். வரிசை முடிந்திருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் கேட்டார்.

"மேடம், எனக்கு வந்தது சாதா கிருமி. அவளுக்கு வந்தது வேற. அப்படித்தானே?"

"அப்படித்தான் காகிதம் சொல்லுது."

"அப்போ என்கிட்டேருந்து அவளுக்குப் போகலை."

நான் யோசித்துத்தான் சொன்னேன். "இந்தக் கிருமி உங்ககிட்டேருந்து போனதாத் தெரியலை."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "முன்னாடி வந்தது, அந்த எச்.ஐ.வி., நான்தான் குடுத்தேன். அவ ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இதையாவது நான் குடுக்கலை." கம்பியை விட்டார். "அப்போ யார் குடுத்தா?"

அதுதான் என் கேள்வியும். சலவைக் கடையில் யாருக்கும் இருமல் இல்லை என்று களப்பணியாளர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கணவருக்குத் துணையாக அந்த அம்மாள் எங்கெங்கே உட்கார்ந்தார் என்று கேட்டு எழுதினேன். பட்டியல் நீளவில்லை. மாதாமாதம் இரண்டு மூன்று மணி நேரம், ஏ.ஆர்.டி. மையத்தின் காத்திருப்பு அறை, சுவரோரப் பெஞ்சு. அங்கே உட்காருகிற எல்லோருக்கும் எச்.ஐ.வி. அவர்களில் இருமுகிறவர்கள் தினமும் உண்டு.

மறுநாள் மதிய வேளையில் நான் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்தேன். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது. கைக்குட்டை நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டேன். அது அங்கேயே சுழன்றது. எந்தப் பக்கமும் போகவில்லை. எதிரே இரண்டு பெரிய ஜன்னல்கள் இருந்தன. இரண்டும் சாத்தி, கொக்கி போட்டிருந்தன.

"இது ஏன் சார் சாத்தியிருக்கு?" என்று கேள்வி சாரைக் கேட்டேன்.

"திறந்தா என் பேப்பரெல்லாம் பறக்குதும்மா. ஒருநாள் டோக்கன் மொத்தமும் ரோட்டுக்குப் போயிடுச்சு."

அங்கேதான் தொற்றியது என்று என்னால் நிரூபிக்க முடியாது. எந்த மெஷினும் அதைச் சொல்லாது. கேள்வி சாரிடம் அந்த அம்மாளின் கதையைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்து போய்க் கொக்கியை இழுத்தார். துருப்பிடித்திருந்தது, அசைய மறுத்தது. இருவரும் சேர்ந்து இழுத்தோம். திறந்ததும், அவர் சொன்னபடியே காகிதங்கள் பறந்தன. பொறுக்கி வைத்து மேலே என்ன பாரம் வைப்பது என்று தேடினோம். அடுத்த வாரம் நம்பர்காரர் கடையிலிருந்து வீணான பழைய பிளேட் துண்டுகள் எட்டு வந்தன, ஓரம் தேய்த்து. கேள்வி சாரின் மேஜையில் இப்போது எட்டு வண்டிகள் நிற்கின்றன. ஃபைல்களில் ரப்பர் பேண்டு இல்லை. ஒருவரைக் கேட்டு எழுதி முடித்துவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிடுகிறார். கணவன் மனைவியாக வந்தால் ஒருவரை வெளியே நிற்கச் சொல்கிறார். அதில் சில வீடுகளில் சண்டைகூட வந்ததாகக் கேள்வி.

முதல் மாதம் அந்த அம்மாளுக்குக் கஷ்டம். வாந்தி, கால் எரிச்சல், ரத்தம் குறைந்தது. ஒரு மருந்தின் அளவைக் குறைத்தார்கள். "தேய்க்கிற துணியாட்டம் என்னையும் போட்டுத் தேய்க்கிறாங்க" என்றார் ஒருநாள். முதல் மாத முடிவில் ஸ்லைடில் ஒரு பிளஸ். டப்பாவில் எண் எப்போதும் போல் நம்பர்காரர் கைவண்ணம்.

இரண்டாம் மாத முடிவில் இருவரும் சேர்ந்து வந்தார்கள். அந்த அம்மாளுக்கு முகம் தெளிந்திருந்தது. டப்பாவை ஜன்னல் வழியாக நீட்டினார். நான் வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் கொஞ்சம் எச்சில், தண்ணீர் மாதிரி.

"என்ன பண்றது மேடம், காலையிலேருந்து இருமிப் பாக்கிறேன்" என்றார். "ஒண்ணும் வரமாட்டேங்குது. நீங்க திருப்பி அனுப்பிடுவீங்கன்னு இவரு வழியெல்லாம் புலம்பல்."

நம்பர்காரர் பின்னாலிருந்து, "அன்னிக்கு என்னை என்ன திட்டு திட்டினீங்க" என்றார்.

"இவருகிட்டக் கேட்டு வாங்கித் தரட்டுமா?" என்றார் அந்த அம்மாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

வரிசையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

டப்பாவைத் திருப்பவில்லை. பதிவேட்டைத் திறந்து அவருடைய எண்ணை எழுதினேன். தோற்றம் என்ற கட்டத்தில், "எச்சில், நிறமில்லை. இருமியும் சளி வரவில்லை" என்று எழுதி, டப்பாவை ஸ்லைடு போடும் வரிசையில் வைத்தேன்.